கண்ணாடிக்காரரின் வெண்ணெய்த் தட்டு

அப்பாவும் பெரியவளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, சமையலறைத் தராசைச் சரிபார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவள் ஆய்வகத்திலிருந்து சின்ன மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கடைகளின் தராசுகளையும் மருந்துக் கம்பெனிகளின் தராசுகளையும் சோதித்துச் சான்று கொடுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. பெட்டிக்குள் வெல்வெட் குழிகளில் எஃகு எடைக்கற்கள். கை படக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அப்பா மேடையைத் துடைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்சு விடலாம்ப்பா. இது என்ன, தங்கம் நிறுக்கிற தராசா?"

"இந்த வீட்ல வெண்ணெய்தான் தங்கம். நீ வை."

வைத்தாள். எண் ஆடி நின்றது. சரியாக இருந்தது. போன மாதமும் சரியாகத்தான் இருந்தது, அதற்கு முந்தின மாதமும். ஆனாலும் மாதம் ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

"கண்ணாடின்னா விரிசல் விட்டா கண்ணுக்குத் தெரியும். தராசு பொய் சொன்னா மூஞ்சியப் பாத்தா தெரியுமா?" என்றார்.

சின்னவள் வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மேஜையைத் தட்டினாள். ஒன்பது வயது. அப்பா அவளை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னும் சமைக்கலையா? சம்பளத்தைப் புடிச்சுடுவேன்."

"மெஷின் செக்கிங் மொதலாளி. இதோ ஆச்சு."

வெண்ணெயை எடை போட்டார். க்ரீமை எடை போட்டார். முட்டையை அடித்து அதையும் எடை போட்டார். வெள்ளரித் துண்டில் ஒரு நுனியைக் கிள்ளி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அந்த நுனி அளவுக்கு மேல். சின்னவளுக்கும் தனக்கும் ஒரே வாணலியில் சமைத்தார். அவளுடையது கிராம் பிசகாமல், தன்னுடையது கண் அளவில். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே சமயத்தில் முதல் வாயை விழுங்கினார்கள். கடைசியில் ஆளுக்கொரு ரப்பர் துண்டால் தட்டை வழித்து நக்கினார்கள்.

அடுத்து வந்த புதன்கிழமை அவர் தன் கண்ணாடிக் கடையில் இறந்துபோனார்.

பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர்தான் பார்த்தவர். பெரியவளிடம் அவரே சொன்னார்.

"பெரிய கண்ணாடிம்மா, ஆள் உயரம். தூக்கிட்டு வந்துக்கிட்டே இருந்தவர் நடுவுல நின்னுட்டார். மூஞ்சி வெளுத்துப்போச்சு. என்னண்ணேன்னு கேட்டேன், பதில் இல்ல. மெதுவா மேஜைக்கு வந்து, கம்பளத்து மேல அதைப் படுக்க வச்சார். தூங்கற குழந்தையைக் கெடத்தற மாதிரி. அதுக்கப்புறம்தான் அவர் உக்காந்தார். கண்ணாடிக்கு ஒன்னும் ஆகல."

பிறகு, "கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லம்மா" என்று திரும்பவும் சொன்னார்.

அப்பா பயந்த சுபாவம் உள்ளவர் இல்லை. முப்பது வருஷம் கண்ணாடி வெட்டியவர். கையுறை போட்டால் ஓரம் பேசுவது விரலுக்குக் கேட்காது என்பார். வைரமுனையை ஒரே இழுப்பு இழுத்து, பின்னால் ஒரு தட்டுத் தட்டுவார்; சொன்ன கோட்டில் பிளந்துகொள்ளும். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் இடையே பதினாறு வயது வித்தியாசம். யாராவது சிரித்தால், "மிச்சத் துண்டுல செஞ்சதுதாங்க எப்பவும் அழகா வரும்" என்று அவரே முந்திக்கொள்வார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பயம் அந்தக் கடையில்தான் ஆரம்பித்தது. சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிவிட்டு வந்தவள், சுவரோரம் சாய்த்து அடுக்கியிருந்த கண்ணாடித் தகடுகளுக்கு முன்னால் நின்று தன் பிம்பத்துக்கு நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு அப்படியே நின்றது. கண் மேலே போனது. வெட்டிய மரம் போல முன்பக்கம் சாய்ந்தாள். அப்பா குறுக்கே கையை விட்டார். அவள் தலை அவர் கையில் விழுந்தது. அவர் கை கண்ணாடியில் விழுந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தைத்தார்கள். மகளின் உடல் வெட்டி வெட்டி இழுத்ததைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தாராம். தன் ரத்தத்தை மகளுடையது என்று நினைத்து அலறினாராம்.

அந்த வாரமே வீட்டிலிருந்த கண்ணாடிச் சாமான் எல்லாம் வெளியே போனது. தம்ளர், ஜாடி, படச்சட்டம், அலமாரிக் கதவு, முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னலுக்குத் தகரப் பலகை வந்தது. தகடுகளின் ஓரத்துக்கு மாட்டி அனுப்பும் பஞ்சு உறைகளைக் கடையிலிருந்து அள்ளிவந்து மேஜை, கட்டில், கதவு நிலை என்று மூலை கண்ட இடமெல்லாம் ஒட்டினார். வீடே லாரியில் ஏற்ற மூட்டை கட்டியது மாதிரி ஆனது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டற மனுஷன். நான் ஃபோனைப் பாத்துத் தலை வாரறேன்" என்று அம்மா சொல்வாள். தையல் ஆலையில் அவளுக்குக் காலை ஷிப்ட். அதனால் சமையலறை அப்பாவுடையது.

வீட்டில் ஒரு பழக்கம் தானாக வந்தது. யார் கையிலிருந்து எது விழுந்தாலும் விழுந்த அந்த நொடியே "நான்தான்!" என்று கத்த வேண்டும். கரண்டி விழுந்தால், "நான்தான், கரண்டி!" மூடி விழுந்தால், "நான்தான், மூடி!" கத்தாவிட்டால் மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். சத்தம் வந்து குரல் வராத அந்த இடைவெளியை வீட்டில் எல்லோரும் நன்றாக அறிந்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கு மட்டும் புரியாது. ஒரு தடவை வீட்டுக்கு வந்த அத்தை, "என்னடா இது, கரண்டி விழுந்தா கோர்ட்ல ஒத்துக்கற மாதிரி ஒத்துக்கறீங்க" என்றாள்.

மருந்து ஒன்று கொடுத்தார்கள். பிறகு இரண்டு. மூன்றாவதில் பிள்ளை நாள் முழுக்கத் தூங்கி வழிந்தது. விழித்திருந்த கொஞ்ச நேரத்திலும் இழுப்பு வந்தது. அப்போதுதான் நரம்பு டாக்டர் அவர்களை மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்தவர் உணவு ஆலோசகர். மேஜை மேல் எப்போதும் ஒரு தராசு வைத்திருப்பார். வீட்டில் அவருக்குத் தராசம்மா என்று பெயர் விழுந்தது.

தராசம்மா சுற்றி வளைக்கவில்லை.

"மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏறக்குறைய இல்லாம பண்ணிட்டு, கொழுப்பை நிறையக் கொடுப்போம். ஒடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அதுல கீட்டோன்னு ஒன்னு வரும். மூளை சர்க்கரைக்குப் பதிலா பெரும்பாலும் அதை வச்சு ஓடும். சில பிள்ளைங்களுக்கு அப்போ வலிப்பு குறையுது."

அப்பா யோசித்தார். "எண்ணெயில வெளக்கு எரியும். மூளையுமா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் வச்சுக்கோங்க."

"ஏன் அப்படி ஆகுது?"

"முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் பலிக்காது. பலிச்சா சில மாசத்துல தெரிஞ்சுடும். ஆனா ஒன்னு. மருந்தை நீங்களா நிறுத்தக்கூடாது. சாப்பாட்டை நீங்களா மாத்தக்கூடாது. இது பத்தியம் இல்ல, வைத்தியம். ஒரு வாய் பிஸ்கட் போதும், எல்லாம் தலைகீழாப் போயிடும். தட்டுல ஒட்டியிருக்கற கொழுப்பும் கணக்கு."

கடைசி வாக்கியம் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. தட்டில் ஒட்டிக்கொண்டால்? கண்ணாடியைச் சட்டத்தில் இறுக்கப் போடும் ரப்பர் பட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தைச் சீவி, கொதிநீரில் போட்டு எடுத்து, தட்டை வழிக்கும் கருவி செய்தார். வழித்தால் தட்டு கழுவியது மாதிரி ஆகிவிடும். தராசம்மா அதை வாங்கிப் பார்த்து, "இன்னொன்னு செஞ்சு கொடுங்க" என்றார்.

சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த முதல் நாளே சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"நீங்க எல்லாம் ரொட்டி சாப்பிடறீங்க. எனக்கு மட்டும் எண்ணெய். தனியா நான் சாப்பிட மாட்டேன்."

அப்பா தன் முன்னால் இருந்த ரொட்டியைப் பார்த்தார். எழுந்துபோய் அதை அம்மாவின் தட்டில் வைத்தார். வாணலியில் இன்னொரு கட்டி வெண்ணெயைப் போட்டார்.

"மொதலாளி சாப்பிடறதைத்தான் வேலைக்காரனும் சாப்பிடணும். நியாயம்தானே?"

அன்றிலிருந்து அவளுடைய மூன்று வேளையும் அவருடைய மூன்று வேளை. மதியத்துக்குப் பள்ளி வாசலில் போய் நிற்பார். இருவரும் காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

முதலில் நின்று பார்க்கும் இழுப்பு போனது, அந்தச் சின்ன வெறித்தல்கள். பிறகு விழுவது குறைந்தது. ஒருநாள் அம்மா காலண்டரைப் பார்த்து, "கடைசியா எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். யாருக்கும் சட்டென்று நினைவு வரவில்லை. அதற்காக அம்மா அழுதாள். தட்டையும் தராசையும் பெரியவள் சந்தேகத்தோடுதான் பார்த்துவந்தாள். ஒரே ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எடைப்பெட்டியை மாதாமாதம் கொண்டுவந்தாள்.

வலிப்பு நின்றது. பயம் நிற்கவில்லை. பஞ்சு உறைகள் அப்படியே இருந்தன. "நான்தான்" அப்படியே இருந்தது. நல்ல நாள் நீள நீள அப்பா அதிகமாகப் பயந்தார். இவ்வளவு நாள் வராதது இன்றைக்கு வந்துவிடுமோ என்று. உயரமான கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு வாசல் நெருங்க நெருங்கத்தான் கை நடுங்கும் என்று ஒருமுறை சொன்னார்.

இதற்கிடையில் அவர் உடம்பு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாடி ஏறினால் நின்றார். பெரியவள் இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்."

"குறைச்சீங்களா?"

"வாயைக் குறைச்சிருக்கேன். பாக்கலையா, இப்பல்லாம் யாரோடயும் சண்டை போடறதில்ல."

"அப்பா, வெளையாடாதீங்க. அவ கூட உக்காருங்க, ஆனா ரொட்டி சாப்பிடுங்க."

"எதிர்ல உக்காந்து ரொட்டி தின்னா அவ கண்ணு என் வாயிலதான் இருக்கும். எனக்கு எறங்குமா? அவ தட்டைத் தள்ளிடுவா. அப்புறம்?"

அந்த "அப்புறம்" என்ற சொல்லோடு அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் முடிந்துவிடும்.

அவர் போன இரண்டாம் நாளே பெரியவள் இதய டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டாள். அவர் நேர்மையான மனிதர். "இதனாலதான்னு ஒன்னைச் சொல்ல முடியாதும்மா. அவங்க அப்பாவும் இதே வயசுல இப்படித்தான்னு சொல்றீங்க. ரொம்ப வருஷம் புகை பிடிச்சிருக்கார். சாப்பாடும் சேர்ந்திருக்கலாம்" என்றார். பெரியவள் எழுதும் ஒவ்வொரு சான்றிலும் இவ்வளவு வரை தவறு இருக்கலாம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைத் தயங்காமல் எழுதிப் பழகியவள். இந்த "இருக்கலாம்" அவளுக்கு விழுங்க வரவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, அப்பாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, ஒன்று நடந்துவிட்டது. முன்னறையில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பெரியவள் உள்ளே நின்று, யார் செத்தாலும் வேளை தவறக்கூடாது என்று, தங்கையின் சாப்பாட்டை எடை போட்டுக் கையில் கொடுத்தாள். சின்னவள் தட்டோடு கதவோரம் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"அந்த வெண்ணெய்தாங்க உங்களைத் தின்னுடுச்சு! பொண்ணைக் காப்பாத்தறேன் பொண்ணைக் காப்பாத்தறேன்னு நீங்க போயிட்டீங்களே!"

கதறலில் வருவதற்கெல்லாம் பொறுப்பு கிடையாது. பெரியவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள்.

அடுத்த நாள் தட்டு காலியாக வந்தது. அதற்கடுத்த வேளையும். பெரியவளுக்கு ஆறுதலாக இருந்தது. இதையாவது பிள்ளை ஒழுங்காகச் செய்கிறதே என்று. காலையில் கீட்டோன் பட்டையை நனைத்துப் பார்ப்பது இப்போது அவள் வேலை. சாப்பாடு சரியாகப் போயிருந்தால், சிறுநீர் பட்டதும் பட்டை கத்தரிப்பூ நிறத்துக்கு வர வேண்டும். வெளிர் ரோஜா நிறத்தில் நின்றது. பழைய பட்டையாக இருக்கும் என்று புது டப்பாவை உடைத்தாள். மறுநாள் ரோஜா நிறம்கூட இல்லை. நனைத்த காகிதம், அவ்வளவுதான்.

எறும்பு வரிசைதான் காட்டிக்கொடுத்தது. கட்டில் காலில் ஏறி, மூலையில் ஒட்டியிருந்த பஞ்சு உறைக்குள் போய்க்கொண்டிருந்தது. பெரியவள் உறையைப் பிய்த்தாள். உள்ளே முட்டையும் வெண்ணெயும் திணித்து வைத்திருந்தது. மற்ற மூலைகளிலும் அப்படியே.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். தராசம்மா திங்கட்கிழமைதான் வருவார். எடுத்த நர்ஸின் குரல் விஷயத்தைக் கேட்டதும் மாறியது.

"திடீர்னு நிறுத்தறது ஆபத்தும்மா. கொஞ்சமாவது சாப்பிட வைங்க. அவசர மருந்து வீட்ல இருக்கா? இழுப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, உடனே கூட்டிட்டு வந்துடுங்க. திங்கக்கிழமை முதல் ஆளா வாங்க."

அது சனிக்கிழமை காலை. அந்த இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை என்றே சொல்லலாம். சின்னவள் ஜன்னலைப் பார்த்தால், வெறிக்கிறாளோ என்று பெரியவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வர ஒரு நொடி தாமதமானால் அம்மா எழுந்து நின்றாள். பிள்ளை கொட்டாவி விட்டாலும் பயம், கை சொடுக்கினாலும் பயம், சிரித்தாலும் பயம். அவசர மருந்து பெரியவளின் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மதியம் குளியலறையில் தடால் என்று சத்தம்.

குரல் வரவில்லை.

அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியோடு ஓடினாள், ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியாமல். பெரியவள் கதவை உடைப்பது போலத் தள்ளினாள். சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

"ஏண்டி கத்தல? ஏண்டி? வாய் இல்லையா உனக்கு?" அம்மா முதுகில் ஒன்று போட்டாள். போட்ட கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"மறந்துட்டேன்மா" என்றாள் சின்னவள். "வந்துச்சுன்னா வரட்டும்."

அன்று மாலை பெரியவள் தீர்மானித்தாள். அப்பா செய்ததைத் தானும் செய்வது. இரண்டு தட்டுகளில் சமைத்து, தங்கையின் எதிரே உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வாயை எடுத்தாள். சின்னவள் எட்டி அவள் கையைத் தட்டிவிட்டாள். முட்டை சுவரில் போய் ஒட்டியது.

"நீ சாப்பிடாத! சாப்பிடாதக்கா! நீயும் செத்துப்போவ!"

பெரியவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை தனக்காகப் பயப்படவில்லை.

"அப்பா உன்னால சாகல."

"நான்தான் தனியா சாப்பிட மாட்டேன்னு சொன்னேன்."

"சொன்ன. அப்ப உனக்கு ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ளை கேக்கறதையெல்லாம் பெரியவங்க செய்யணும்னு இல்ல. நிலாவைக் கேட்டிருந்தா கொண்டுவந்து கொடுத்திருப்பாரா?"

சின்னவள் யோசித்தாள். "கொடுத்திருப்பார்."

அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது பொய்டீ. வயித்தெரிச்சல்ல சொன்னேன்" என்றாள் அம்மா.

"வயித்தெரிச்சல்ல சொன்னாலும் உண்மையா இருக்கலாம் இல்ல?" என்றாள் சின்னவள்.

டாக்டரே அதைத்தான் சொன்னார் என்று பெரியவள் எப்படிச் சொல்வாள்? அவள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியல. ஆனா நீ சாப்பிடலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதை நான் பாத்திருக்கேன். மறுபடி பாக்க என்னால முடியாது."

அவள் குரல் உடைந்ததைத் தங்கை முதல் தடவையாகக் கேட்டாள். நெடுநேரம் மேஜை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடறேன். ஆனா யாரும் என் கூட உக்காரக்கூடாது. கதவைச் சாத்திட்டுத்தான் சாப்பிடுவேன்."

கதவைச் சாத்துவதா? அந்த வீட்டில் நாலு வருஷமாக ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. பேரம் நடந்தது. கடைசியில் கதவு ஒரு சாண் திறந்திருக்கலாம் என்றும், மற்றவர்கள் வெளியே முதுகைக் காட்டி உட்காரலாம் என்றும், திரும்பிப் பார்க்கக்கூடாது என்றும் முடிவானது. வாசல்படிக்கு வெளியே தரையில் அம்மாவும் பெரியவளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். உள்ளே கரண்டி தட்டில் படும் சத்தம். நின்றது. இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். மறுபடி வந்தது. பிறகு ஒரு குமட்டல், தண்ணீர் குடிக்கும் சத்தம். பாதிதான் சாப்பிட்டாள். ஞாயிறன்று முக்கால். ரப்பர் பட்டை தட்டில் கிறீச்சிடுவதை அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

வலிப்பு வரவில்லை. வராதது நல்லதா, வரப்போவதன் அறிகுறியா என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போனார்கள். தராசம்மா நிமிர்ந்து கதவைப் பார்த்தார்.

"அப்பா எங்க, வண்டி நிறுத்தறாரா?"

பெரியவள் சொன்னாள். தராசம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெகுநேரம் அதை எடுத்துப் போடவில்லை. பிறகு பட்டையின் நிறம், எத்தனை வேளை விட்டது, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சின்னவளின் எடை பார்த்தார். அவளை விட்டுவிட்டுப் பேசவில்லை. அவளையும் உட்கார வைத்துக்கொண்டே பேசினார்.

"அப்பா உங்ககிட்ட ஈஈஜி பத்திச் சொன்னாரா?"

"எந்த ஈஈஜி?"

"போன வருஷமே சொன்னேனே. இப்போ ரெண்டு வருஷமா வலிப்பு இல்ல. இந்தச் சாப்பாடு ஆயுசுக்கும் இல்லம்மா. தலையில மிஷினை மாட்டி மூளை அலையைப் பாத்துட்டு, சரியா இருந்தா மெதுவா, மாசக்கணக்குல கொழுப்பைக் குறைச்சுக்கிட்டே வரலாம். ஒவ்வொரு தடவை வரும்போதும் 'அடுத்த தடவை, அடுத்த தடவை'ம்பார். ஒரு தடவை நானே பிடிச்சுத் தேதி வாங்க வச்சேன். அன்னிக்கு வந்தார், ஆனா பிள்ளையைக் கூட்டிட்டு வரல. ஈஈஜி எடுக்கற எதிர்க் கட்டடத்துப் பெஞ்சுல தனியா உக்காந்திருந்தார். நான் மாடியிலிருந்து பாத்தேன். நம்பர் கூப்பிட்டாங்க. எழுந்து வெளிய போயிட்டார்."

பெரியவளுக்குக் கணக்கு தானாக ஓடியது. போன வருஷம் ஆரம்பித்திருந்தால், மாதம் மாதமாகக் குறைத்திருந்தால், இப்போது சின்னவள் தட்டில் ரொட்டி இருந்திருக்கும். எதிர்த் தட்டிலும். அவள் கணக்கை அங்கேயே நிறுத்தினாள். முடிவு வரை போகும் கணக்கு இல்லை அது.

சின்னவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "குறைச்சா வலிப்பு வருமா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். நிறையப் பிள்ளைங்களுக்கு வரல. வந்தா மறுபடி ஏத்திக்கலாம். உனக்கு எப்படின்னு பாத்தாத்தான் தெரியும்."

"குறைச்சுக் குறைச்சுக் கடைசில?"

"எல்லாரும் சாப்பிடறதை நீயும் சாப்பிடுவ."

"அப்போ என் கூட யார் வேணா உக்காரலாமா?"

தராசம்மாவுக்கு அந்தக் கேள்வி முழுதாகப் புரிந்திருக்காது. ஆனாலும் உடனே பதில் சொன்னார். "யார் வேணா உக்காரலாம்."

பிறகு பெரியவளைப் பார்த்தார். "இப்போதைக்குப் பழைய அளவுதான். ஒரு வேளை விடக்கூடாது. பட்டை பழைய நிறத்துக்கு வந்து நிலைக்கட்டும். அதுக்குள்ள ஈஈஜிக்குத் தேதி வாங்கிடலாமா?"

"அடுத்த மாசம்..." என்று ஆரம்பித்தாள் பெரியவள். அதைத் தான் சொன்னதாகவே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் கீறல் விழாமல் தூக்கிவந்ததை ஏன் அசைக்க வேண்டும்? இருந்தபடியே இருந்துவிட்டால் என்ன? அப்பா அந்தப் பெஞ்சில் எதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. தங்கை அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

எதிர்க் கட்டடத்தில் வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"முன்னாடி ஒரு தேதி வாங்கிட்டு வராமப் போயிட்டீங்களே. இந்தத் தடவையாவது வருவீங்களா? இல்லைன்னா வேற யாருக்காவது கொடுத்துடுவேன்."

"வருவோம்" என்றாள் பெரியவள்.

"சத்தமாச் சொல்லுங்க."

"வருவோம்."

அந்தப் பெண் தேதியைச் சொன்னாள். மற்றதை எல்லோருக்கும் ஒப்பிக்கும் வேகத்திலேயே ஒப்பித்தாள். அப்பா செய்யாமல் விட்டுப்போன வேலை அவ்வளவுதான்: முதல் நாள் சாயங்காலம் பிள்ளையின் தலையை நன்றாக அலசிவிட்டு, சொட்டு எண்ணெய் தடவாமல், காலையில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவது.